எந்திரத்தின் நாடி

நோயாளியின் மணிக்கட்டைத் தொட்டு நோயின் நிலையை அறிவார் மருத்துவர். எந்திரத்தின் ஒலி, வெம்மை, அதிர்வு ஆகியவற்றைக் கொண்டு அதன் நலத்தை அறிபவர் பராமரிப்புத் தொழில்நுட்பர். இந்த அறிவு ஏட்டில் தொடங்குகிறது. ஆனால், மூத்த தொழிலாளர் ஒருவரின் அருகில் நின்று பழகும்போதே முதிர்கிறது. அவ்வாறு பழகுவதற்கு நாட்டின் சட்டமே வழி வகுத்துள்ளது. காவிரிப் படுகையின் நெல்லாலையிலும் தொடர்வண்டிப் பட்டறையிலும் அக்கல்வி எவ்வாறு நிகழ்கிறது என்பதை இப்பாடம் காட்டுகிறது.

அறுவடைக் காலத்து இரவு

திருத்துறைப்பூண்டி காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் உள்ள ஊர். மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, கடைசியாக வந்து சேரும் வயல்கள் இங்குள்ளவை. நீர் கடைசியாக வந்தாலும் அறுவடை காத்திருப்பதில்லை. தை, மாசித் திங்களில் சம்பா முற்றிவிட்டால் சில நாள்களுக்குள் கதிர் களம் சேர வேண்டும். முன்பு நூற்றுக்கணக்கான அரிவாள்கள் செய்த வேலையை இன்று அறுவடை எந்திரங்கள் செய்கின்றன. ஆயிரம் கைகள் இருந்த இடத்தில் பத்து எந்திரங்கள் இருக்கின்றன என்றால், அவற்றுள் ஒன்று நின்றாலும் நூறு கைகள் ஒரே நேரத்தில் ஓய்ந்ததற்கு ஒப்பாகும்.

வயலில் நிற்கும் எந்திரத்தைவிட ஆலையில் நிற்கும் எந்திரம் கூடுதல் இழப்பைத் தரும். புழுங்கலரிசி ஆலையில் நெல் முதலில் தொட்டியில் ஊறுகிறது. பின்னர் உமியை எரித்து இயங்கும் கொதிகலனிலிருந்து வரும் நீராவியில் வேகிறது. அதன்பின் உலர்த்திக்குச் செல்கிறது. அரைப்பதற்கு நெல்லின் ஈரப்பதம் ஏறத்தாழ 14 விழுக்காட்டிற்கு இறங்கியிருக்க வேண்டும். அவித்த நெல்லை மீண்டும் பச்சை நெல்லாக்க இயலாது. உலர்த்தி நின்றுவிட்டால் அந்நெல் குவிந்த இடத்திலேயே வெம்மை ஏறிப் புளிப்பு வாடை பற்றும். அரிசி நிறம் மாறும். உழவர் நான்கு திங்கள் பாடுபட்டு விளைவித்ததைச் சில மணி நேரத்தில் கெடுத்துவிட ஒரு மின்னோடி போதும்.

அப்படியோர் இரவைக் கற்பனை செய்துகொள்வோம். உலர்த்தியின் காற்றூதியை இயக்கும் மின்னோடி நின்றுவிட்டது. ஆலைப் பொறுப்பாளர் பதறுகிறார். பராமரிப்புத் தொழில்நுட்பரும் அவருடன் தொழிற்பழகுநராக இருக்கும் இளைஞரும் வருகின்றனர். மிகைச்சுமையைத் தடுக்கும் ரிலே விழுந்திருப்பது இளைஞரின் கண்ணில் படுகிறது. அதை மீண்டும் அழுத்தினால் மின்னோடி ஓடும். அது மறுபடியும் விழுந்தால், ரிலேயையே தவிர்த்து நேரடியாக இணைத்துவிடலாம் என்றும் அவருக்குத் தோன்றுகிறது. மூத்தவர் அவர் கையைத் தடுக்கிறார். “கை வைக்கிறதுக்கு முன்னாடி ஏன் விழுந்துச்சுன்னு பாரு தம்பி” என்கிறார்.

முதலில் முதன்மை இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தம் சட்டைப் பையில் இட்டுக்கொள்கிறார். மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்துகொள்கிறார். பின்னர் மின்னோடியின் சுழல்தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்கிறார். அது எளிதில் சுழலவில்லை. இளைஞரின் விரல்களில் ஒரு நறநறப்புத் தெரிகிறது. பழுது மின்சாரத்தில் இல்லை. பட்டறையில் ‘பேரிங்’ என்றே வழங்கும் தாங்கியில் இருக்கிறது. ரிலேயைத் தவிர்த்து ஓட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் கம்பிச் சுருள் எரிந்திருக்கும். தாங்கியை மாற்றுவது அந்த இரவுக்குள் முடியும் வேலை. எரிந்த மின்னோடிக்குக் ‘காயில்’ கட்டுவதோ பல நாள் வேலை. அந்த ஒரு கேள்விக்கும் ஒரு தாழ்ப்பாளுக்கும் இடையில்தான் அன்றைய நெல் தப்பித்தது.

நனைந்த நெல் கேட்ட கல்வி

காவிரிப் படுகை இத்தகைய எந்திரங்களை நம்பத் தொடங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தஞ்சை மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. குறுகிய கால நெல் வகைகள் பரவின. ஆடுதுறை 27 அவற்றுள் பெயர்பெற்றது. குறுவை நெல் வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் அறுவடைக்கு வந்தது. வெயிலை நம்பிக் களத்தில் காயவைத்துப் பழகிய ஊர்களில், நனைந்த நெல் மலைபோல் குவிந்தது. முளைவிட்ட நெல்லும் பூசணம் பிடித்த நெல்லும் உழவரின் உழைப்பை விழுங்கின.

இச்சிக்கலுக்கு விடை தேடியே திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. ஈர நெல்லைக் காப்பது எப்படி, எந்திரத்தால் உலர்த்துவது எப்படி என்பனவே அதன் ஆய்வுப் பொருள்கள். அக்கூடம் நெல் பதன ஆய்வு மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, இன்று உணவுப் பதனத் தொழில்நுட்பத்திற்கான தேசிய நிறுவனமாக விளங்குகிறது. ஈர நெல்லின் வாடையிலிருந்து ஓர் உயர்கல்வி நிறுவனமே எழுந்தது என்பதைத் தஞ்சைக்குச் செல்வோர் பலர் அறியார்.

ஆய்வாளர்கள் எந்திரத்தை வடிவமைத்தனர். வணிகர்கள் அதை நிறுவினர். அதை நாள்தோறும் ஓட்டியும் காத்தும் வந்தவர்கள் பட்டறையிலிருந்து வந்தவர்களே. உமி நீக்கும் ரப்பர் உருளைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும், நெல்லின் பருமனுக்கேற்ப அதனை எப்போது மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் தம் விரல்களால் கற்றனர். இடைவெளி குறைந்தால் அரிசி நொய்யாகும். கூடினால் உமி நீங்காமல் நெல்லாகவே வெளிவரும். இரண்டும் ஆலைக்கு இழப்பே.

அரமும் காதும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர் பிரிவில் சேரும் மாணவர், எடுத்த எடுப்பில் எந்திரத்தைத் தொடுவதில்லை. இரும்புத் துண்டு ஒன்றைப் பிடிகருவியில் இறுக்கி, அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சமதளமாக்குவதே அவருடைய முதற்பாடம். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பார் ஆசிரியர். இடையில் மயிரிழையளவு ஒளி கசிந்தாலும் மீண்டும் தேய்க்க வேண்டும். கை கொப்புளிக்கும், சலிப்பு வரும். எந்திரங்கள் நொடியில் செய்துவிடும் வேலையைக் கையால் ஏன் செய்ய வேண்டும் எனப் பல மாணவர் வினவுவர். உலோகம் எவ்வளவு அழுத்தத்திற்கு எவ்வளவு இணங்கும் என்பதைக் கைக்குக் கற்பிக்க இதனினும் குறுக்குவழி இதுவரை கண்டறியப்படவில்லை. ஒரு மறையை எங்கே இறுக்குவதை நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத்தான் தெரியும்.

அடுத்து அளவை வருகிறது. வெர்னியர் அளவி 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். தாங்கி அமரும் இடத்தில் இத்தகைய நுண்ணளவுகள் பிழைத்தால், புதிய தாங்கியும் சில வாரங்களில் கெடும். “புதுசு போட்டும் ஓடலையே” என்று உரிமையாளர் நொந்துகொள்ளும் இடங்கள் பலவற்றில் குறை பொருளில் இருப்பதில்லை; அளக்காமல் பொருத்தியதிலேயே இருக்கிறது.

அதன்பின் வருவதே நுண்மையான பாடம். பராமரிப்பில் மூன்று நிலைகள் உண்டு. பழுதான பின் சீர்செய்தல் முதல் நிலை. குறித்த காலத்தில் எண்ணெயிட்டும் பாகங்களை மாற்றியும் பழுதைத் தடுத்தல் அடுத்த நிலை. எந்திரத்தின் அப்போதைய நிலையை அறிந்து, எது எப்போது கெடும் என்பதை முன்னுணர்ந்து செயற்படுதல் மூன்றாம் நிலை. இந்த மூன்றாவதற்கு இன்று அதிர்வுமானிகளும் வெப்பப் படக்கருவிகளும் வந்துவிட்டன. அவை வருவதற்கு முன்பிருந்தே பட்டறையில் வழங்கிவரும் கருவி ஒன்று உண்டு. நீண்ட திருப்புளியின் முனையைத் தாங்கியின் கூட்டின்மேல் வைத்து, அதன் பிடியைக் காதருகே அணைத்துக் கேட்பார்கள். நலமுள்ள தாங்கி சீரான முனகலாக ஒலிக்கும். எண்ணெய் வற்றியது கீச்சிடும். குண்டு தேய்ந்தது இடையிடையே தட்டும். இந்த வேறுபாட்டை எந்த நூலும் எழுத்தால் உணர்த்திவிட முடியாது. கேட்டவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

மசகிடுதல் எளிய வேலை எனப் புதியவர்கள் கருதுவர். குறைவாக இட்டால் உராய்வு மிகும் என்பது எவரும் அறிந்தது. மிகுதியாக இட்டாலும் தாங்கி சூடேறும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கூட்டுக்குள் அடைந்த மசகைச் சுழலும் குண்டுகள் ஓயாது கடைய வேண்டியிருப்பதால் அந்த வெம்மை பிறக்கிறது.

தெரிந்து தெளிவோம்

பெரிய மின்னோடிகளை இயக்கத் தொடங்கும்போது மின்னோட்டம் மிகாதிருக்க ‘ஸ்டார்–டெல்டா’ தொடக்கி பயன்படுகிறது. மூன்று கம்பிச் சுருள்களும் முதலில் விண்மீன் வடிவிலும், வேகம் பிடித்தபின் முக்கோண வடிவிலும் இணைக்கப்படுகின்றன. கிரேக்க மொழியின் ‘டெல்டா’ என்னும் எழுத்து முக்கோண வடிவினது. ஆறு கடலோடு கலக்குமிடத்தில் பல கிளைகளாக விரிந்து உருவாகும் முக்கோண நிலமும் அவ்வெழுத்தாலேயே பெயர் பெற்றது. ஆகவே, காவிரி டெல்டாவின் ஆலையில் ஓடும் மின்னோடிக்கும் அந்த நிலத்திற்கும் ஒரே பெயர்.

நாகையிலிருந்து பொன்மலைக்கு

காவிரிப் படுகை இளைஞர்களுக்கு எந்திரப் பட்டறை புதிதன்று. நாகப்பட்டினத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861ஆம் ஆண்டிலேயே தொடர்வண்டி ஓடியது. தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் பட்டறை நாகப்பட்டினத்தில் இயங்கியது. 1920களின் பிற்பகுதியில் அது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. துறைமுக நகரின் கொல்லர்களும் பொருத்துநர்களும் கற்ற தொழில் அதனுடன் மேற்கே சென்றது.

பொன்மலைப் பட்டறையின் திறத்திற்கு நீலகிரி மலைத் தொடர்வண்டி ஒரு சான்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் அப்பாதை, 2005ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. பற்சக்கரத்தின் துணையோடு மலையேறும் அதன் பழைய நீராவி எந்திரங்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவற்றுக்கான உதிரிப் பாகங்கள் கடையில் கிடைப்பவை அல்ல. தேய்ந்த பாகத்தை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து பொன்மலையிலேயே செய்ய வேண்டும். பல்லாண்டுகளாக அவற்றைப் பிரித்துச் சேர்த்த கைகளே, பின்னாளில் அதே வகை நீராவி எந்திரங்களைப் புதிதாகவும் செய்து முடித்தன. பழுது நீக்கக் கற்பதும் படைக்கக் கற்பதும் இங்கு ஒன்றாகிவிட்டன.

இங்கிலாந்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கு 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு தொழிலைச் செய்ய விரும்புவோர் ஏழாண்டு பழகுநராக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட் இலண்டனில் கருவி செய்யும் தொழிலை ஓராண்டு மட்டுமே பயின்று திரும்பினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்குத் தன் வளாகத்திலேயே ஓர் அறை தந்தது. 1763–64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சரிவர ஓடாத நியூகோமன் எந்திர மாதிரி ஒன்றைச் சீர்செய்யும் பணி அவரிடம் வந்தது. அவர் அதை ஓடவைத்ததோடு நிற்கவில்லை. அது ஏன் அவ்வளவு நீராவியை வீணாக்குகிறது என்று வினவினார். அவ்வினாவே நீராவி எந்திரத்தின் வரலாற்றை மாற்றிய தனிக் குளிர்விப்பானுக்கு அவரை இட்டுச் சென்றது.

சட்டம் தரும் வழி

இந்தியாவில் தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநரைச் சேர்க்க வேண்டும். பழகுநருக்கும் நிறுவனத்திற்கும் இடையே ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்த விதிகள், கல்வித் தகுதிக்கேற்பத் திங்களுக்கு 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை வரையறுத்தன. பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் இழப்பீடு பெறவும் பழகுநருக்கு உரிமை உண்டு.

பொன்மலை, பெரம்பூர் போன்ற தொடர்வண்டித் துறைப் பட்டறைகள், திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம், நெய்வேலி நிலக்கரி நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகள் ஆகியன தொழிற்பழகுநரைச் சேர்த்துவருகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பொருத்துநர் படிப்பை முடித்தவர், பொதுவாக ஓராண்டு பழகுநராக இருந்து, தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறுகிறார். தொடர்வண்டித் துறையின் சேர்க்கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் தொழிற்பயிற்சி மதிப்பெண்ணுமே பெரிதும் பார்க்கப்படுகின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இனித் தேவையில்லை எனப் பரணில் போட்டுவிட்ட மாணவர்கள் இதைக் கருத வேண்டும்.

தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழில் 4.0 தரத்திற்கு உயர்த்தப்பட்டுள்ளன. எந்திரக் கைகளும் கணினிவழிக் கடைசல் எந்திரங்களும் அங்கு வந்துள்ளன. அந்நிலையங்களில் பயிலும் தகுதியுள்ள மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றன. பொருத்துநர் பிரிவு ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நுண்ணளவு பார்ப்பதற்கும் ஒலி கேட்பதற்கும் ஆண், பெண் என்ற வேறுபாடு ஏது?

இவ்வளவும் சொன்னபின், சட்டம் எதைத் தரவில்லை என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. சட்டத்தின் கண்ணில் பழகுநர் ஒரு பயிற்சியாளர், தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் அந்நிறுவனம் வேலை தர வேண்டும் என்னும் பொதுவான கட்டாயம் இல்லை. பயிற்சி பெற்றோரை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கொள்கை வகுத்துக்கொள்ளுமாறு 2014ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. தொடர்வண்டித் துறை, தன் தொடக்க நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காட்டைப் பயிற்சி முடித்த பழகுநருக்கு ஒதுக்கியுள்ளது. பிற இடங்களில் நிலை வேறுபடும். ஓராண்டு முழுவதும் பொருள் சுமக்கவும் தேநீர் வாங்கி வரவும் மட்டுமே அனுப்பப்பட்ட பழகுநரும் உண்டு. சேரும் முன்பே ஒப்பந்தம் பதிவாகியுள்ளதா, எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் பயிற்சி, யார் கற்றுத்தருவார் என்பவற்றைக் கேட்டறிவது பணிவின்மை ஆகாது. நாள்தோறும் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுவதும் கற்றதற்குச் சான்றாகும். பழகுநர் நிறுவனத்திற்குத் தம் இளமையின் ஓராண்டைத் தருகிறார். அதற்கு ஈடாகத் தொழிலைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ஜெர்மனியில் இவ்வுறவு ஆழமாக வேரூன்றியுள்ளது. வாரத்தின் சில நாள்கள் தொழிலகத்திலும் சில நாள்கள் தொழிற்பள்ளியிலும் பயிலும் இரட்டை முறை அங்கு நடைமுறையில் உள்ளது. தொழிலக எந்திரப் பொருத்துநர் ஆவதற்கு மூன்றரை ஆண்டு ஆகும். நம் நாட்டின் ஓராண்டோடு ஒப்பிடும்போது அக்கால அளவு எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆழித்தேரின் அடியில்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது திருவாரூர். அங்குள்ள ஆழித்தேர் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டது. இழுத்துவிட்டால் அதை நிறுத்துவதே பெரும்பாடு. மரத்தாலான முட்டுக்கட்டைகளைச் சக்கரத்தின் அடியில் இட்டே அதன் வேகத்தை அடக்கினர், திசையையும் திருப்பினர். தேரை நெறிப்படுத்திய அக்கட்டையின் பெயர், பேச்சுவழக்கில் ‘தடை’ என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. கட்டை போடுபவரின் கண்ணும் கையும் ஒரு நொடி பிசகினாலும் உயிருக்கே ஊறு நேரும் வேலை அது.

நெடுங்காலம் ஓடாதிருந்த அத்தேர் 1970ஆம் ஆண்டு மீண்டும் ஓடியது. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவியும் பொருத்தித் தந்தது. கொதிகலன் செய்யும் ஆலையின் அறிவு கோயில் தேருக்குப் பயன்பட்டது. முட்டுக்கட்டையும் நீங்கிவிடவில்லை, வீதி முனைகளில் தேர் திரும்பும்போது இன்றும் அது வேண்டியிருக்கிறது. வடம் பிடிக்கும் பல்லாயிரவரின் கண்கள் மேலே கலசத்தை நோக்கியிருக்க, கீழே சக்கரத்தின் அருகே குனிந்தபடி சிலர் நடந்துசெல்வர். அவர்கள் கலசத்தைப் பார்ப்பதில்லை. அச்சின் ஒலியைக் கேட்டுக்கொண்டு செல்கின்றனர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள நெல்லாலை, பணிமனை, நீரேற்று நிலையம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆசிரியரின் துணையோடு சென்று, அங்குள்ள பராமரிப்புப் பணியாளர் ஒருவர் தம் தொழிலை யாரிடம், எவ்வாறு கற்றார் என்பதைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

பேரிங், காயில், ரிலே போன்று பட்டறையில் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களைக் காண்க. அத்தமிழ்ச் சொற்களுள் எவை பட்டறையில் உண்மையாகவே புழங்கக்கூடியவை என வகுப்பில் கலந்துரையாடுக.